ஐயெல்ட்ஸ்: ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு, கோளாறு வாரியாக ஒரு வழிமுறை

வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பிரச்சினையை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது." இதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. லிசனிங்கில் ஸ்பெல்லிங்கால் மதிப்பெண்ணை இழப்பவரும், ரைட்டிங்கில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுபவரும் ஒரே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இருவருக்கும் பணம்தான் நஷ்டம்.

இன்னொன்று. பேண்ட் என்பது இந்தத் தேர்வின் மதிப்பெண், உச்சம் 9. சரளம் கண்டிப்பாக வேண்டியது 8, 9 பேண்டுக்குத்தான். 6 பேண்டுக்குத் தேர்வு நடத்துபவர்கள் தரும் விளக்கமே, பிழைகளும் தவறான புரிதல்களும் ஆங்காங்கே இருந்தாலும் மொழியை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்ளக்கூடியவர் என்ற அளவில்தான் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தேவைப்படுவது 6 அல்லது 6.5. அங்கே போக, பேச்சில் எங்கே இடறுகிறீர்கள், எழுத்தில் எங்கே இடறுகிறீர்கள் என்று தனித்தனியாகத் தெரிந்தால் போதும்.

எதையும் படிக்கத் தொடங்கும் முன்

எந்தத் தேர்வு, எவ்வளவு பேண்ட் என்பதை ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரியின் அல்லது விசா துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அகாடமிக் (பெரும்பாலும் கல்லூரிப் படிப்புக்கு), ஜெனரல் ட்ரெய்னிங் (பெரும்பாலும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும்) என்று இரண்டு வகை இருக்கிறது. லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு. வகையை மாற்றிப் பதிவு செய்துவிட்டால் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் பயனில்லை.

மொத்த பேண்ட் என்பது நான்கு பகுதிகளின் சராசரி. .25 வந்தால் அடுத்த அரைக்கும், .75 வந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் ஏற்றிவிடுவார்கள். லிசனிங் 7, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5 என்றால் சராசரி 6.25, சான்றிதழில் 6.5 என்று வரும். மொத்தத்தை மட்டும் பார்க்கும் இடத்தில் இது போதும். "எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது" என்று கேட்கும் இடத்தில் அந்த ரைட்டிங் 5 எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். நர்ஸ்களுக்கு ஓஇடி என்ற தேர்வும் ஏற்கப்படுகிறது. அதில் எழுதுவது நோயாளியைப் பற்றிய கடிதம். பேசுவது நோயாளியிடமோ உறவினரிடமோ பேசுவது போன்ற உரையாடல். வார்டில் வேலை பார்த்தவருக்கு அந்தச் சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கும். ஐயெல்ட்ஸில் திரும்பத் திரும்பத் தோற்கும் நர்ஸ்கள் அதை ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், ஒரு முழு மாதிரித் தேர்வு. கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத்தாள்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் யார் யாரோ தயாரித்துப் போட்டவை சில நேரம் மிக எளிது, சில நேரம் அர்த்தமே இல்லாத கடினம். கடிகாரம் வைத்து ஒருமுறை ரீடிங் செய்யுங்கள். நேரம் முடிந்ததும் பேனாவின் நிறத்தை மாற்றி, மிச்சத்தையும் சந்தேகமானவற்றையும் அவசரமில்லாமல் செய்யுங்கள். இரண்டாவது நிறத்தில் மதிப்பெண் நன்றாக ஏறினால் உங்கள் சிக்கல் வேகம். ஏறவில்லை என்றால் சிக்கல் சொல்வளத்திலோ கேள்வியைப் புரிந்துகொள்வதிலோ இருக்கிறது. லிசனிங்கிலும் இதே சோதனை: தவறிய இடங்களின் எழுத்து வடிவத்தைப் படித்துப் பாருங்கள். படித்தால் புரிகிறது என்றால் காதுக்குத்தான் பயிற்சி தேவை. படித்தும் புரியவில்லை என்றால் எத்தனை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டாலும் அது மட்டும் உதவாது.

"பேச வாய் திறந்தால் பாதியில் நின்றுவிடுகிறது"

இதற்குக் கூச்சத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தமிழில் வினை கடைசியில் வரும். "நேத்து பஸ் ஸ்டாண்டுல மழையில நனைஞ்சுகிட்டு நின்ன ஒரு பாட்டிக்கு என் குடையைக் கொடுத்தேன்" என்று மனதில் ஓடினால், ஆங்கிலத்தில் முதலில் வர வேண்டிய "கொடுத்தேன்" கடைசியில் காத்திருக்கிறது. முழு வாக்கியத்தையும் தலைகீழாகத் திருப்பிய பிறகுதான் வாய் திறக்க முடியும். அந்த இடைவெளிதான் மௌனமாக வெளியே தெரிகிறது.

நீண்ட தமிழ் வாக்கியத்தைத் திருப்ப முயலாதீர்கள், உடைத்துவிடுங்கள். "ஐ கேவ் மை அம்ப்ரெல்லா டு அன் ஓல்ட் லேடி." அவ்வளவுதான் முதல் வாக்கியம். யார், என்ன செய்தார் என்பது வந்துவிட்டது. அப்புறம் "ஷி வாஸ் ஸ்டாண்டிங் அட் த பஸ் ஸ்டாண்ட்", "இட் வாஸ் ரெய்னிங்" என்று ஒட்டிக்கொண்டே போகலாம். இது பழகியதும் "பிகாஸ்", "ஸோ", "ஹூ வாஸ்" போன்றவற்றால் இரண்டு வாக்கியங்களை இணைக்கப் பழகுங்கள். இணைக்காமல் துண்டு துண்டாகவே பேசினால் 5-ஐத் தாண்டுவது கடினம் என்பதால் இரண்டாவது கட்டத்தை விட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கு ஆள் தேவையில்லை, போன் போதும். ஒரு தலைப்பை எடுத்து 4 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அதே விஷயத்தை உடனே 3 நிமிடத்தில், அப்புறம் 2 நிமிடத்தில் சொல்லுங்கள். மொழி கற்பிப்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் முறை இது. மூன்றாவது தடவை சொற்களைத் தேடும் வேலை குறைந்திருக்கும், அதனால் வேகம் தானாக வரும். தினம் புதுத் தலைப்பு பேசுவதைவிட இது நல்லது.

கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம். "குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்" என்பதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. புரியாமலே வேறு எதையோ பேசுவதுதான் குறைக்கும்.

"இரண்டாம் பகுதியில் 40 விநாடியிலேயே விஷயம் தீர்ந்துபோகிறது"

ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அதன் நடுவில் ஓர் அட்டை கொடுத்து, 1 நிமிடம் யோசிக்கவிட்டு, 1 முதல் 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வாக்கியம் எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடும். சொற்களை மட்டும் எழுதுங்கள்: ஒரு பெயர், ஓர் இடம், ஒரு சம்பவம், ஒரு காரணம்.

விஷயம் தீர்ந்தால் காலத்தை மாற்றுங்கள். "உங்களுக்குப் பிடித்த இடம்" என்று கேட்டால் இன்று அது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சிறு வயதில் எப்படி இருந்தது, அடுத்த முறை போனால் என்ன செய்வேன் என்று போகலாம். பேச விஷயமும் கிடைக்கும். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் தெரியும் என்று காட்டியதாகவும் ஆகும். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் இடைமறித்து நிறுத்துவார். அது நல்ல அறிகுறி, பதற வேண்டாம்.

சொல்வது உண்மையா என்று யாரும் சரிபார்க்கப் போவதில்லை. உங்களுக்குப் பிடித்த அருங்காட்சியகம் எதுவும் இல்லையென்றால் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த ஏதோ ஒன்றைப் பிடித்தது என்று சொல்லிவிடலாம்.

"நன்றாகத்தான் பேசினேன், 5.5 தான் வந்தது"

வேகமாகப் பேசுகிறவர்களுக்கு வரும் கோளாறு இது. ஸ்பீக்கிங்கில் நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. வேகம் முதலாவதில் ஒரு பகுதிதான்.

மனப்பாடம் செய்த பதில் முதல் சந்தேகம். முதல் கேள்விக்குப் பளபளவென்று பதில், அடுத்த கேள்விக்குத் திணறல் என்றால் தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்; அப்புறம் மனப்பாடம் செய்திருக்கவே முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பார்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை பிரிட்டிஷ்காரர் போலப் பேச முயல்வது வீண் வேலை. தமிழ்ச் சாயல் இருக்கலாம், புரிய வேண்டும் என்பதுதான் விதி. புரியாமல் போகும் இடங்கள் நமக்குப் பெரும்பாலும் பொதுவானவை. சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டுவது: "புக்கு", "கப்பு". "எவ்ரி" என்பதை "யெவ்ரி" என்றும், "ஒன்லி" என்பதை "வொன்லி" என்றும் சொல்வது. "ப்ரைஸ்" என்பதில் விலையா பரிசா என்று தெரியாமல் இரண்டுக்கும் ஒரே ஒலி. இவற்றைவிட முக்கியம் அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்தில் "போட்டோகிராப்" என்றால் முதல் அசையில் அழுத்தம், "போட்டோகிராபர்" என்றால் இரண்டாவதில். புதுச் சொல் கற்கும்போது அர்த்தத்தோடு அழுத்தத்தையும் அகராதியில் கேட்டுக் கற்றால் இது தனி வேலையாக இருக்காது.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "மைசெல்ஃப் குமார்", "டிஸ்கஸ் அபவுட்" ஆகிய மூன்றும் நம் ஊரில் எல்லோரும் பேசுவதுதான். தேர்வு அறைக்குள் வேண்டாம்.

"லிசனிங்கில் ஒன்றை விட்டால் அடுத்த மூன்றும் போய்விடுகிறது"

40 கேள்விகள், சுமார் 30 நிமிடம், ஒரே முறைதான் ஒலிக்கும். போன பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்தது ஒலித்துவிடும். எப்போதும் இரண்டு கேள்விகளில் ஒரே நேரத்தில் கண் வைத்திருங்கள். இரண்டாவது கேள்விக்கான பேச்சு தொடங்கிவிட்டால் முதலாவது போய்விட்டது என்று அர்த்தம். ஏதாவது ஊகித்து எழுதிவிட்டு நகருங்கள். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

ஒரு கணக்கு மனதுக்குத் தெம்பு தரும்: 40-க்கு 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7, 23 சரியாக இருந்தால் ஏறக்குறைய 6. பத்துக் கேள்விகளைக் கோட்டை விட்டவரும் 7 வாங்கலாம்.

"பதில் தெரிந்தும் தவறு என்று வருகிறது"

கடைசி "எஸ்" ஒலியைக் கேட்காமல் ஒருமையில் எழுதியிருப்பீர்கள். அல்லது இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் "த" சேர்த்து மூன்றாக்கியிருப்பீர்கள். ஸ்பெல்லிங் தவறினால் மதிப்பெண் கிடையாது. பிரிட்டிஷ், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டையும் ஏற்பார்கள். பேசுகிறவர் முதலில் "செவ்வாய்க்கிழமை" என்று சொல்லிவிட்டு, "இல்லை, அன்றைக்கு வேலை இருக்கிறது, வியாழன் வைத்துக்கொள்வோம்" என்பார். இந்தப் பொறி ஏறக்குறைய எல்லாத் தாளிலும் உண்டு. தெர்ட்டீன், தெர்ட்டி போன்ற எண்களையும், எழுத்து எழுத்தாகச் சொல்லும் பெயர்களையும் தினம் ஐந்து நிமிடம் கேட்டு எழுதுங்கள். முதல் பகுதியின் எளிய மதிப்பெண்கள் இங்கேதான் போகின்றன.

காகிதத் தேர்வு நடக்கும் இடங்களில் பதில்களை விடைத்தாளுக்கு மாற்றக் கடைசியில் 10 நிமிடம் தருவார்கள். கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எந்த வடிவத்தில் எழுதப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள்.

"ரீடிங்கில் மூன்றாவது கட்டுரைக்கு நேரமே இல்லை"

ரீடிங் 60 நிமிடம், 40 கேள்விகள், மாற்றி எழுதத் தனி நேரம் இல்லை. அகாடமிக்கில் மூன்று நீண்ட கட்டுரைகள் சேர்ந்து 2,000 சொற்களுக்கு மேல் போகும். முதலாவது எளிது, மூன்றாவது கடினம். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்று பிரிப்பதைவிட 15, 20, 25 என்று பிரிப்பது சரி.

முழுவதையும் படித்துவிட்டுக் கேள்விக்குப் போகிறவர்கள் இரண்டு முறை படிக்கிறார்கள். பத்திகளின் முதல் வாக்கியங்களைப் பார்த்து எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ட்ரூ-ஃபால்ஸ் வகைக் கேள்விகளும் கோடிட்ட இடம் நிரப்புவதும் பெரும்பாலும் கட்டுரையின் வரிசையிலேயே வரும். பத்திக்குத் தலைப்புப் பொருத்துவதும், எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்பதும் அப்படி வராது. அவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ட்ரூ-ஃபால்ஸ் கேள்விகளில் மூன்றாவது விடையாக வரும் "நாட் கிவன்" (கட்டுரையில் சொல்லப்படவில்லை) குழப்பம் தனி. கட்டுரையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: பாலம் மாட்டு வண்டிகளுக்காகக் கட்டப்பட்டது, கார்கள் பின்னால் அனுமதிக்கப்பட்டன. "பாலம் கார்களுக்காகக் கட்டப்பட்டது" என்றால் ஃபால்ஸ், கட்டுரை மறுக்கிறது. "இன்று அந்தப் பாலத்தில் கார்களே அதிகம்" என்றால் நாட் கிவன், கட்டுரை வாயே திறக்கவில்லை. அது உண்மையாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவதற்கு இங்கே மதிப்பெண் இல்லை.

ஜெனரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுரைகள் எளிது என்பதால் அளவு கடுமை: 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 6 தான், 7-க்கு 34 வேண்டும்.

"மற்றதெல்லாம் 7, ரைட்டிங் மட்டும் 5.5"

இந்தக் கோளாறு மிகவும் பரவலானது. காரணமும் ஒன்றல்ல, நாலைந்து இருக்கும். உங்கள் பழைய கட்டுரைகள் மூன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் கேள்வி. "டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ" என்றால் உங்கள் நிலைப்பாடு வேண்டும். பலர் நன்மைகள் ஒரு பத்தி, தீமைகள் ஒரு பத்தி எழுதி, கடைசி வரியில் மட்டும் "ஐ அக்ரீ" என்று முடிக்கிறார்கள். ஆங்கிலம் நன்றாக இருந்தாலும் இது கேள்விக்குப் பதில் இல்லை. முன்னுரையிலேயே நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பத்தியும் அதற்கு ஒரு காரணம் தருகிறதா என்று பாருங்கள். கருத்தே தோன்றவில்லை என்றால் பெரிய கருத்தைத் தேட வேண்டாம். நகர மையத்தில் கார்களைத் தடை செய்யலாமா என்று கேட்டால், உங்கள் ஊர்க் கடைத்தெருவில் தீபாவளி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே நல்ல உதாரணம். உங்கள் கருத்து சரியா என்று யாரும் மதிப்பிடுவதில்லை, அதை விளக்கினீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, வார்ப்பு வாக்கியங்கள். "இன் திஸ் மாடர்ன் எரா", "எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்" என்று தொடங்கும் கட்டுரையைத் தேர்வாளர் அன்று காலையிலேயே சில முறை பார்த்திருப்பார். "டெம்ப்ளேட் போதும், 7 நிச்சயம்" என்று சொல்லும் வகுப்புகளை நான் நம்புவதில்லை. கேள்வியில் இருக்கும் சொற்களை அப்படியே எடுத்து எழுதுவதும் அதே ரகம். நகலெடுத்த பகுதி சொல் எண்ணிக்கையில் சேராது.

மூன்றாவது, முதல் பணி. அகாடமிக்கில் வரைபடம் அல்லது அட்டவணையைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். எண்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, மொத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது, எது எல்லாவற்றையும்விட அதிகம் என்று சொல்லாமல் விட்டால் அதில் 5-ஐத் தாண்டுவது கடினம். "ஓவரால்" என்று தொடங்கி இரண்டு வாக்கியம் எழுதுங்கள். சொந்தக் கருத்து, காரணம் எதுவும் வேண்டாம். ஜெனரலில் கடிதம்: கொடுத்திருக்கும் மூன்று குறிப்புகளையும் தொட்டிருக்க வேண்டும், நண்பருக்கு எழுதுவதும் மேலாளருக்கு எழுதுவதும் ஒரே தொனியில் இருக்கக் கூடாது.

நேரமும் இங்கேதான் வீணாகிறது. குறைந்தது 250 சொல் எழுத வேண்டிய இரண்டாவது பணிக்கு முதலாவதைப் போல இரண்டு மடங்கு எடை. முதலாவதில் 30 நிமிடம் செலவழித்துவிட்டு இரண்டாவதை அரைகுறையாக முடிக்கிறவர் என்றால், இரண்டாவதிலிருந்தே தொடங்குங்கள். வரிசையை மாற்ற அனுமதி உண்டு.

கடைசியாக இலக்கணம். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க நேரமில்லை, அவசியமும் இல்லை. மூன்று கட்டுரைகளையும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிழைகளை வட்டமிடச் சொல்லி, வகை வகையாக எண்ணுங்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சில வகைகளே திரும்பத் திரும்ப வரும். "எ", "த" விடுபடுவது முதலிடம், தமிழில் அவை இல்லை என்பதால். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் தனியாக நிற்காது. முன்னால் "எ", "த", "மை", "திஸ்" என்று ஏதாவது இருக்க வேண்டும் என்ற ஒரே விதியில் பாதிப் பிழை தீரும். அடுத்து "ஹி கோ", "ஷி வாண்ட்" என்று எஸ் விடுபடுவது. "ஒன் ஆஃப் த ப்ராப்ளம்" என்று ஒருமையில் எழுதுவது. "இன்ஃபர்மேஷன்ஸ்", "எக்விப்மெண்ட்ஸ்", "அட்வைஸஸ்" என்று பன்மையாக்குவது. உங்கள் பட்டியலில் முதல் மூன்று வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தேர்வில் கடைசி 4 நிமிடம் அவற்றை மட்டும் தேடித் திருத்துங்கள். "எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்று படித்தால் சொந்தப் பிழை கண்ணில் படாது.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பெல்லிங் திருத்தும் வசதி இருக்காது, சொல் எண்ணிக்கை திரையில் தெரியும். இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர் என்றால் கட்டுரைப் பயிற்சியோடு தட்டச்சும் பழகுங்கள்.

"வீட்டில் 7, தேர்வில் 6"

வீட்டில் ஆடியோவை இடையில் நிறுத்தினீர்களா, அதே தாளை இரண்டாம் முறை செய்தீர்களா, கட்டுரைக்கு 50 நிமிடம் எடுத்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும். தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இது வரும். தேர்வு எழுதுவது அளந்து பார்க்கத்தான். ஒரு தாள் எழுதினால் அதன் பிழைகளை அலச அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அரை பேண்டில் போய்விட்டது"

உடனே அடுத்த தேதிக்குப் பணம் கட்டாதீர்கள். கணினியில் எழுதியவர்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் 60 நாட்களுக்குள் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் எல்லா அமைப்புகளும் அந்தச் சான்றிதழை ஏற்பதில்லை. முதலில் அவர்களிடம் கேளுங்கள். இன்னொரு வழி மறுமதிப்பீடு. முடிவு வந்து 6 வாரங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பேண்ட் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். லிசனிங், ரீடிங் விடைகள் சரி-தவறு என்று திருத்தப்படுபவை, அவற்றில் மாற்றம் எதிர்பார்ப்பது வீண். ரைட்டிங்கையும் ஸ்பீக்கிங்கையும் மதிப்பிடுவது மனிதர்கள் என்பதால், மற்ற பகுதிகளோடு ஒப்பிட அவற்றில் ஒன்று மட்டும் காரணமில்லாமல் கீழே கிடந்தால் கேட்டுப் பார்க்கலாம். பழைய கட்டுரைகளிலும் அதே 5.5 தான் வந்துகொண்டிருந்தது என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, மேலே ரைட்டிங் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதையும் விண்ணப்பத் தேதியோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.